வீட்டில் ஒரு கேன் பெட்ரோல்: புதிதாக வைக்கப்போகிறவர்களுக்கு

என் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கொட்டகையில் 20 லிட்டர் கொள்ளும் ஒரு தகரக் கேன் இருக்கிறது. அதன் கைப்பிடியில் ஓர் அட்டைத் துண்டைக் கட்டியிருக்கிறேன். அட்டையில் பென்சிலால் எழுதிய ஒரு தேதி. அதற்கு மேலே அடித்துவிட்ட ஏழெட்டுப் பழைய தேதிகள். பார்ப்பதற்கு இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இந்த எளிமைக்கு வந்து சேர்வதற்குள் ஒருமுறை முகத்தில் பெட்ரோல் தெறித்தது, ஒரு ஜெனரேட்டரின் கார்புரேட்டர் பாழானது. இரண்டையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

தட்டுப்பாடு வந்துவிட்ட பிறகு பெட்ரோல் சேமிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது. 2012 மார்ச் மாதக் கடைசியில் பிரிட்டனில் டேங்கர் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்று பேச்சு எழுந்தது. வீட்டில் ஒரு கேனில் கொஞ்சம் பெட்ரோல் வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் அமைச்சர் யோசனை சொன்னார். பங்க்குகளில் வரிசை நீண்டது. அந்த வாரத்திலேயே யார்க் நகரில் ஒரு பெண் சமையலறையில் நின்று கேனிலிருந்து ஜக்குக்குப் பெட்ரோலை மாற்றினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆவி பற்றிக்கொண்டு அவருக்குக் கடுமையான தீக்காயம். அந்த வேலைநிறுத்தமோ கடைசிவரை நடக்கவே இல்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் எரிபொருள் குழாய்வழி கணினித் தாக்குதலால் நின்றபோது, பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோலை நிரப்பாதீர்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே அறிவிக்க வேண்டியிருந்தது. பதற்றத்தில் இருப்பவர் கையில் கிடைத்த பாத்திரத்தை நீட்டுவார். எனவே இதைப் படிப்பவர்கள் பங்க்கில் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

முதலில், தேவையா என்று பாருங்கள்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சேமிப்புக் கலம் இருக்கிறது: வண்டியின் டேங்க். மோதலைத் தாங்கும்படி கட்டப்பட்டது; ஆவியைப் பிடித்துவைக்க அதற்கென்றே ஏற்பாடு உண்டு; பெட்ரோல் தானாகவே செலவாகிப் புதிதாகிக்கொண்டும் இருக்கும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் நிரப்பிவிடுவது என்று பழகிக்கொண்டால், 40 லிட்டர் டேங்க் உள்ள காரில் எந்த நேரமும் குறைந்தது 20 லிட்டர் கையிருப்பு. பலருக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். இதை மட்டும் செய்துவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

கேன் யாருக்கு வேண்டும்? ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார், மர அறுப்பான் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு. பங்க் வெகு தொலைவில் இருப்பவர்களுக்கு. இரவில் திடீரென்று மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு. தேவையைத் தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். மருத்துவமனை 60 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும். போகவர 8 லிட்டர். ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும்; இரவில் நான்கு மணி நேரம், மூன்று நாட்கள் என்று பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 லிட்டருக்குள் கணக்கு முடிந்துவிடும். இலங்கையில் 2022-இல் கியூஆர் குறியீட்டின்படி எரிபொருள் பங்கிட்டபோது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்றுதான் கொடுத்தார்கள். பெருந்தட்டுப்பாட்டில் ஒரு லிட்டர் எவ்வளவு பெரியது என்பதற்கு இது ஓர் அளவுகோல். நூறு லிட்டர் டிரம் பற்றி யோசிப்பவர்கள் தட்டுப்பாட்டை விடப் பெரிய ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள்.

அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டாம். பால்கனியும் படிக்கட்டின் அடிப்பகுதியும் பெட்ரோல் வைக்கும் இடங்களல்ல. அங்கே தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்கும் வழியே எரியும்.

அடுத்தது சட்டம். நாட்டுக்கு நாடு மாறும்; ஓரிடத்திலேயே தீயணைப்புத் துறை, உள்ளாட்சி, குடியிருப்போர் சங்கம், வீட்டுக் காப்பீடு என்று நான்கு வகைக் கட்டுப்பாடுகள் இருக்கலாம். பிரிட்டனில் வீட்டில் 30 லிட்டர் வரை யாருக்கும் தெரிவிக்காமல் வைக்கலாம்; பிளாஸ்டிக் கேன் என்றால் ஒன்று 10 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 20 லிட்டர். இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டமும், விற்பனைக்கல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் வரை உரிமமில்லாமல் வைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் கலங்களாக அது சொல்வது கண்ணாடி, பீங்கான்வகை, உலோகம் ஆகியவற்றையே. கண்ணாடி 1 லிட்டரும் உலோகம் 25 லிட்டரும் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தட்டுப்பாட்டுக் காலங்களில் கேனில் பெட்ரோல் கொடுப்பதையே அரசுகள் தடை செய்வதும் உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்பதைக் கேன் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். விதியை மீறிய பெட்ரோலால் தீப்பிடித்தால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

எதைக் கண்டு பயப்பட வேண்டும்

பெட்ரோல் என்றதும் எல்லோருக்கும் அந்தத் திரவம்தான் கண்ணில் தெரியும். எரிவது அதன் ஆவி. டீசல் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விடும்; மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரிக்கு மேல். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி. அதாவது மனிதர்கள் வசிக்கும் இடங்களில், குளிர்காலமோ கோடையோ, திறந்திருக்கும் பெட்ரோல் எப்போதும் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது.

அந்த ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாகப் படர்ந்து, கதவிடுக்கு வழியாக நுழைந்து, படிகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். கேன் ஒரு மூலையில், கேஸ் வாட்டர் ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சிறுசுடர் அடுத்த மூலையில் என்று வைத்திருப்பவர்கள், நடுவில் பத்தடி தூரம் இருக்கிறதே என்று நினைக்கிறார்கள். அந்தப் பத்தடியை ஆவி கண்ணுக்குத் தெரியாமல் கடந்துவிடும். சுடரைத் தொட்டதும் தீ அதே பாதையில் கேனுக்குத் திரும்பி வரும். இதன் பிறகு நான் சொல்லப்போகும் ஒவ்வொரு விதியும், யோசித்துப் பார்த்தால், இந்த ஆவியைப் பற்றியதுதான்.

கேன் வாங்குதல்

தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், பால் கேன், பெயின்ட் வாளி, கண்ணாடிப் புட்டி: எதுவும் வேண்டாம். அவற்றின் மூடி ஆவியை நிறுத்தாது, சுவர் மெல்லியது, விழுந்தால் உடையும் அல்லது பிளக்கும். எல்லாவற்றையும் விட, தண்ணீர் பாட்டிலில் இருப்பதைத் தண்ணீர் என்று நினைத்து யாராவது எடுத்துவிடுவார்கள். குழந்தைதான் எடுக்கும் என்பதில்லை. இருட்டில் வீட்டுப் பெரியவரும் எடுப்பார். குடிப்பதற்குத்தான் என்றில்லை, மண்ணெண்ணெய் என்று நினைத்து அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றினாலும் போதும்.

பெட்ரோலுக்கென்றே செய்து, தரச் சான்று முத்திரை அடித்த கேன்தான் வேண்டும். உலோகத்திலும் கிடைக்கும், அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் கேன் துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் வெயில் பட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை வரும்; அதன் சுவர் வழியாகவே சிறிதளவு ஆவி கசிந்துகொண்டும் இருக்கும். உலோகம் ஆவியை நன்றாகப் பிடித்துவைக்கும். உள்ளே ஈரம் சேர்ந்தால் துருப்பிடிக்கும். சட்டம் இரண்டையும் அனுமதிக்கும் இடமானால் நான் உலோகத்தையே சொல்வேன். எடைக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 20 லிட்டர் பெட்ரோல் சுமார் 15 கிலோ. கேனின் எடையையும் சேர்த்தால் தூக்கி, சாய்த்து, நடுங்காமல் ஊற்ற எல்லோராலும் முடியாது. அப்படிப்பட்டவர்கள் 20 லிட்டர் கேன் ஒன்றுக்குப் பதில் 10 லிட்டர் கேன் இரண்டு வாங்குவது நல்லது. ஊற்றும்போது கை தளர்ந்தால் பெட்ரோல் சிந்தும்.

ஜெரிகேன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்த 20 லிட்டர் கேன் அது. ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெரி என்று கிண்டலாக அழைத்ததால் அந்தப் பெயர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷார் கொண்டுபோன மெல்லிய தகர டின்கள் ஒழுகித் தீர்த்தன. எதிரியிடமிருந்து கைப்பற்றிய கேன்களோ ஒழுகவில்லை. கடைசியில் அப்படியே நகல் செய்துகொண்டார்கள். அதன் மேலே ஏன் மூன்று கைப்பிடிகள் என்று பலர் கேட்பதுண்டு. நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பிடித்து இருவர் சுமக்கலாம். காலிக் கேன்கள் என்றால் ஒரு கையில் இரண்டை எடுக்கலாம். கைப்பிடிகளுக்குக் கீழே உள்ள புடைப்பு, பெட்ரோல் விரிவடையும்போது காற்றுக்கான இடம். நெம்புகோல் போல அழுந்தி மூடும் அந்த மூடியை இன்றும் யாரும் பெரிதாகத் திருத்தவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை: மூடிக்குள் இருக்கும் வாஷர் மென்மையாக, வெடிப்பில்லாமல் இருக்கிறதா? கேனுக்கென்றே வரும் ஊற்றுக்குழாய் கூட இருக்கிறதா? கேனின் வாயில் தீயை உள்ளே விடாத கம்பிவலைத் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கா 2020-இல் போட்ட சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நாட்டில் சிவப்பு பெட்ரோலுக்கு, இன்னொரு நாட்டில் பச்சை. அழியாத மையால் “பெட்ரோல்” என்று பெரிதாக எழுதிவிடுங்கள். எண்ணெய் கலந்த இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் வைத்திருந்தால் அதற்குத் தனிக் கேன், தனி எழுத்து.

நிரப்புதல்

பங்க்கில் கைபேசி கூடாது என்ற பலகையை எல்லோரும் படித்திருக்கிறோம். நிலைமின்சாரத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் சொல்வதில்லை. குழாய் வழியே பெட்ரோல் பாயும்போதே மின்னூட்டம் உண்டாகிறது. கேன் தரையில் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். கார் டிக்கியின் கம்பளத்தின் மேலோ, பிளாஸ்டிக் விரிப்பிட்ட லாரித் தளத்திலோ இருந்தால் இறங்க வழியில்லை. சேர்ந்துகொண்டே போய், குழாய் முனைக்கும் கேன் வாய்க்கும் நடுவே ஒரு பொறியாகத் தாவும். அந்த இடத்தில்தான் ஆவி மிகுதியாக இருக்கிறது.

ஆகவே வரிசை இது. எஞ்சினை நிறுத்துங்கள். கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். வண்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை வெறுங்கையால் தொட்டுவிடுங்கள். குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வேகம் கூடக்கூட மின்னூட்டமும் நுரையும் கூடும். நிரப்பும் நேரத்தில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து மறுபடி இறங்காதீர்கள். இருக்கைத் துணியில் உரசி இறங்கும் உடல் மின்னூட்டத்தோடு வரும்.

எவ்வளவு நிரப்புவது? பத்தில் ஒன்பது பங்கு. முகத்தில் தெறித்த கதை இங்கேதான் வருகிறது. முதன்முதலில் வாங்கிய பிளாஸ்டிக் கேனை நான் கழுத்துவரை நிரப்பினேன். வாங்கிய இடத்தை மிச்சம் வைப்பானேன் என்ற சிக்கனம். காலைக் குளிரில் நிரப்பியது. அன்று பிற்பகல் கொட்டகைக்குள் போனபோது கேனின் நான்கு பக்கமும் பந்து போல உப்பியிருந்தது. தட்டையான அடி உருண்டுபோய், தொட்டால் ஆடியது. காற்றை வெளியேற்றலாம் என்று குனிந்து மூடியைத் திருகினேன். சீறல் கேட்டது. அடுத்த கணம் கண்ணுக்குக் கீழிருந்து சட்டை வரை பெட்ரோல். கண் தப்பியது. பீடி, சிகரெட் பழக்கம் எனக்கு இல்லை என்பது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் பெருகும். கழுத்துவரை நிறைந்த கேனில் அந்த 0.4 லிட்டர் எங்கே போகும்? ஆவியின் அழுத்தம் வேறு. எனவே 20 லிட்டர் கேனில் 18, 10 லிட்டர் கேனில் 9. உப்பிய கேனைக் கண்டால் உடனே திறக்காதீர்கள். நிழலில், திறந்த வெளியில் வைத்துக் குளிர விடுங்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருகி, சீறல் அடங்கும் வரை பொறுங்கள்.

நிரப்பியதும் மூடியை இறுக்கி, வெளியே வழிந்ததைத் துடைத்து, கேனை ஒரு நிமிடம் சாய்த்துப் பாருங்கள். மூடியோரம் ஈரம் தெரிந்தால் வாஷர் சரியில்லை. அந்தக் கேனோடு கிளம்ப வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

நேராக நிற்க வைத்து, சாயாமல் கட்டி, நேரே வீட்டுக்கு வாருங்கள். இடையில் வேறு வேலை வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் கேன் அடுப்பிலிட்ட பாத்திரத்துக்குச் சமம். ஆட்கள் உட்காரும் பகுதியில் வைத்தே தீர வேண்டுமென்றால் கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். இரு சக்கர வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். திருப்பத்தில் அது ஊசலாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வைக்கும் இடம்

வீட்டைத் தொடாமல் தனியாக நிற்கும் கொட்டகையோ, வெளியில் வைக்கும் பூட்டிய உலோகப் பெட்டியோதான் சரியான இடம். தரையோரம் காற்று போகத் திறப்பு இருக்க வேண்டும். ஆவி கீழே படர்வதால் உயரத்தில் உள்ள சன்னல் மட்டும் போதாது. நேர் வெயில் கூடாது. வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி, சுவிட்சு, வெல்டிங் வேலை, பூஜை விளக்கு என்று பொறியோ சுடரோ உண்டாகும் எதுவும் பக்கத்தில் கூடாது. 15 மீட்டர் இடைவெளி என்பதைப் பாதுகாப்புக் குறிப்புகள் பொதுவாகச் சொல்லும். நிலவறை, படுக்கையறைக்குக் கீழுள்ள கார் நிறுத்துமிடம், மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலை, வீட்டைவிட்டு வெளியேறும் வழி ஆகியவற்றில் ஒருபோதும் வேண்டாம். வண்டியின் டிக்கியிலும் நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது. பின்னாலிருந்து ஒரு மோதல் போதும்.

கேனைச் சிமென்டுத் தரையில், அதைவிடப் பெரிய ஒரு உலோகத் தட்டில் வையுங்கள். கசிந்தால் தட்டில் தெரியும். அலமாரியின் மேல்தட்டில் ஏற்றாதீர்கள். பூட்டுச் சாவி குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் கேன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கொட்டகை வாசலுக்கு வெளியே, உள்ளே அல்ல, உலர்தூள் வகைத் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் வையுங்கள். தீ கொட்டகைக்குள் என்றால் உள்ளே இருக்கும் தீயணைப்பானை யார் போய் எடுப்பது?

பெட்ரோலுக்கும் வயதாகும்

இரண்டாவது தவறு இங்கே. ஒரு மழைக்காலத்துக்கு முன் நிரப்பிய பெட்ரோலை, அடுத்த மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவில் ஜெனரேட்டரில் ஊற்றினேன். கயிற்றை முப்பது முறை இழுத்திருப்பேன். நான்கு முறை இருமியது, ஒருமுறை ஓடி நின்றது. மறுநாள் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மிதவைக் கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில், தொட்டால் ஒட்டும் படிவம். ஊசித்துளை இருக்க வேண்டிய இடத்தில் துளையே தெரியவில்லை. “பெட்ரோலை ஊறுகாய் போட்டு வைத்திருந்தீர்களா?” என்று கேட்டார்.

பெட்ரோல் ஒரே பொருளல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் மிக இலேசானவைதான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுபவை. மூடி தளர்ந்தால் முதலில் பறந்துவிடுபவையும் அவைதான். மிஞ்சியவற்றில் சில காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறுகின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்தும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோலில் நீர் சுமார் அரை சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 20 லிட்டரில் ஒரு சிறு தம்ளர் அளவு சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவதும் டேங்கின் அடியிலிருந்துதான்.

நன்றாக மூடிய கேனில், குளிர்ந்த இடத்தில், எத்தனால் இல்லாத பெட்ரோல் ஆறு மாதம் வரை தாங்கும். எத்தனால் கலந்ததற்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக்காலத்தை நீட்டும் நிலைப்படுத்தி மருந்து கடைகளில் கிடைக்கும். வாங்கிய அன்றே அளவு பார்த்துக் கலந்தால் ஓராண்டு, சிலவற்றில் அதற்கு மேலும் தாங்கும். கெட்டுப்போன பெட்ரோலை அந்த மருந்து மீட்டுக்கொடுக்காது. என்னைக் கேட்டால், மருந்தை விடச் சுழற்சி எளிது.

நான் செய்வது இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து, கேனில் இருப்பதைக் காரின் டேங்கில் ஊற்றிவிடுவேன். டேங்க் பாதியளவு இருக்கும்போது ஊற்றினால் புதியதோடு பழையது கலந்து எஞ்சினுக்கு வேறுபாடே தெரியாது. காலிக் கேனோடு பங்க்குக்குப் போய் மறுபடி நிரப்புவேன். பழைய தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதி எழுதுவேன். இதனால் பெட்ரோல் செலவு ஒரு காசும் கூடுவதில்லை. எப்படியும் காருக்கு ஊற்ற வேண்டியதுதானே. இரண்டு கேன் வைத்திருப்பவர்கள் பழையதை முதலில் காலி செய்ய வேண்டும். கைக்கு எட்டுவது எப்போதும் புதியதாகவே இருக்கும், அதனால் வைக்கும்போதே பழையதை முன்னால் நகர்த்துங்கள். சுழற்சியின்போதே கேனின் தையலோரம், வாஷர், உட்புறத் துரு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். தீப்பெட்டியோ, சாதாரண டார்ச்சோ பிடித்துக் கேனுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

ஐயமாக இருந்தால் திறந்த வெளியில் ஒரு சிறு கண்ணாடிக் கலத்தில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கருத்திருந்தால், புளித்த வார்னிஷ் வாடை வந்தால், கலங்கியிருந்தால், அடியில் தனி அடுக்கு தெரிந்தால் எஞ்சினில் ஊற்ற வேண்டாம்.

ஊற்றும் நாள்

வெளியில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு ஊற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றுபவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சைலன்சரின் மேல் சிந்துவார்கள். விளக்கு அணைந்துவிடுமே என்ற அவசரம் புரிகிறது. இருட்டுவதற்கு முன்பே நிரப்பிக்கொண்டால் அந்த அவசரமே இல்லை. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

புதிய கார்கள் பலவற்றில் டேங்கின் வாயில் ஒரு சிறு தடுப்பு மடல் இருக்கிறது. சாதாரணப் புனல் அதைத் திறக்காது. பங்க் குழாயின் அளவுள்ள நீண்ட முனைதான் திறக்கும். உங்கள் கேனின் ஊற்றுக்குழாய் அதற்குப் பொருந்துகிறதா என்று முதல் சுழற்சியிலேயே தெரிந்துகொள்ளலாம். நடுவழியில் தெரிந்துகொள்வதை விட அது மேல்.

கேனிலிருந்து ரப்பர் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்குவது பழைய பழக்கம். விட்டுவிடுங்கள். சில சொட்டு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். கையால் அழுத்தும் சிறு பம்ப் எல்லா வாகனக் கடைகளிலும் கிடைக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வரும் வழியில் மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நனைந்த சட்டையை உடனே, தீயருகே போகாமல், கழற்றுங்கள்.

சிந்தியதை மணலோ, மரத்தூளோ போட்டு உறிஞ்ச விடுங்கள். சாக்கடையில் கழுவித் தள்ளினால் ஆவி அடுத்த வீட்டுச் சாக்கடைக்குப் போகும். துடைத்த துணியைக் குப்பைக் கூடையில் திணிக்காமல் வெளியில் விரித்துக் காய விடுங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயையும் கூட்டிக்கொண்டு ஓடும். தீ ஒரு வாளி அளவுக்குள், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் என்றால் தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். எரியும் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, வீட்டைக் காப்பாற்ற நினைத்து உயிரைக் கொடுப்பது. குப்பை எரிக்கவும் விறகு பற்றவைக்கவும் இந்தக் கேனிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. தணல் மேல் ஊற்றும்போது தீ ஊற்றின் வழியே கேனுக்குள் ஏறி, ஊற்றுபவர் மேல் பீறிட்டு வரும்.

பழைய பெட்ரோலும் காலிக் கேனும்

கெட்டுப்போன பெட்ரோலை மண்ணில் ஊற்றினால் நிலத்தடி நீருக்குப் போகும். அபாயக் கழிவு வாங்கும் இடம் ஊரில் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் எங்கே சேர்ப்பது என்று தெரிந்த மெக்கானிக்கிடமோ தீயணைப்பு நிலையத்திலோ கேளுங்கள்.

கேன் காலியானதும் எல்லோரும் அதை அலட்சியமாக எறிந்துவிடுகிறார்கள். நிறைந்த கேனில் காற்றுக்கு இடம் குறைவு. காலிக் கேனில் அடியில் ஒட்டிய சில சொட்டுகளும் காற்றும் சேர்ந்து, வெடிப்பதற்கு ஏற்ற கலவையாக நிற்கின்றன. அதையும் நிறைந்த கேனைப் போலவே மூடி, அதே கொட்டகையில் வையுங்கள். ஓட்டை விழுந்தால் வீட்டில் வெல்டிங் வைத்து அடைக்கவோ, வெட்டித் தொட்டியாக்கவோ முயலாதீர்கள். பழைய இரும்பு எடுப்பவரிடம் போடும்போது மூடியைக் கழற்றிவிட்டு, இதில் பெட்ரோல் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் அதை வெட்டுவார்.